எட்டுப் பேர், ஒரே பெயர்

2023 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை இரவு, எங்கள் கிளஸ்டரிலிருந்து, அதாவது நிரல்களைச் சேர்ந்து ஓட்டும் கணினிக் கூட்டத்திலிருந்து, ஒரு நேம்ஸ்பேஸ் (பெயரிட்டுப் பிரித்து வைத்த ஒரு பகுதி) காணாமல் போனது. சோதனைக்காக வைத்திருந்ததுதான், வாடிக்கையாளர் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் மூன்று வாரமாக அதற்குள் சேர்த்து வைத்திருந்த தரவு போனது போனதுதான். நேம்ஸ்பேஸை அழிக்கச் சொன்னால், கிளஸ்டரை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸ் அதற்குள் இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடும். "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது.

யார் என்ன செய்தார் என்று குறித்து வைக்கும் தணிக்கைப் பதிவு தானாக வருவதில்லை. எதையெல்லாம் பதிய வேண்டும் என்று கொள்கைக் கோப்பு எழுதி நாம்தான் இயக்க வேண்டும். அதை முன்கூட்டியே செய்து வைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மறுநாள் காலை காபியை ஆறவிட்டு அந்தப் பதிவைத் துழாவி வரியைப் பிடித்தேன். நேரம் இரவு 11:42. செயல், அழித்தல். செய்தவர், குபர்நெட்டிஸ்-அட்மின்.

குபர்நெட்டிஸ்-அட்மின் என்பது யார்? எங்கள் குழுவின் எட்டுப் பேரும்தான். வந்த ஐபி முகவரியைப் பார்க்கலாமே என்றால், எட்டுப் பேரும் ஒரே விபிஎன் வாசல் வழியாக உள்ளே வருகிறவர்கள், முகவரியும் ஒன்றே. பத்து மணிக் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. நானாகவேகூட இருக்கலாம். அன்றிரவு எதையோ சுத்தம் செய்துகொண்டிருந்த ஞாபகம் இருக்கிறது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பது எளிய கதை. 2023 பிப்ரவரியில் குபிஅட்மின் கருவியால் கிளஸ்டரை எழுப்பினோம். எழுப்பி முடித்ததும் அது அட்மின்.கான்ஃப் என்று ஒரு கோப்பைக் கையில் கொடுக்கும். அதை வைத்திருப்பவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முதல் நாள் அது என் கணினியில் மட்டும் இருந்தது. இரண்டாம் நாள் அவசரமாக ஒருவருக்குத் தேவைப்பட்டது, அனுப்பினேன். பொங்கல் சமயத்தில் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோமே, அந்த மாதிரிதான். ஆனால் சாவியைத் திரும்ப வாங்கலாம். கோப்பு நகலாகிக்கொண்டே போகும்.

நேம்ஸ்பேஸ் காணாமல் போன அதே செப்டம்பர் கடைசியில் எங்களில் ஒருவர் வேலையை விட்டார். நல்ல மனிதர், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது: மின்னஞ்சல் மூடியாயிற்றா, விபிஎன் மூடியாயிற்றா, கிளஸ்டர் அனுமதி நீக்கியாயிற்றா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று குறி போடுவதற்கு முன்பு என் கை நின்றது. எதை நீக்குவது?

குபர்நெட்டிஸ் கற்கும்போது பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. அதற்குள் பயனர் என்று ஒரு பொருளே கிடையாது. நிரலை ஓட்டும் பாட் உண்டு, அதை எட்ட உதவும் சர்வீஸ் உண்டு, நிரல்கள் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்ட் உண்டு. மனிதர்களுக்கு மட்டும் பதிவேடு இல்லை. 'பயனரைச் சேர்' என்ற கட்டளை இல்லாததால் 'பயனரை நீக்கு' என்ற கட்டளையும் இல்லை. வாசலில் ஒருவர் ஏதாவது ஒரு சீட்டை நீட்டுகிறார். சீட்டு செல்லுமா என்று பார்த்து, அதில் எழுதியிருக்கும் பெயரையும் குழுவையும் படித்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு என்ன அனுமதி என்று பார்க்கிறது. நீங்கள் யார் என்பதை வேறு எவராவதுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் அட்மின்.கான்ஃப் கோப்பில் இருந்த சீட்டு எக்ஸ்.509 வகை டிஜிட்டல் சான்றிதழ். அதில் பெயர் குபர்நெட்டிஸ்-அட்மின், குழு சிஸ்டம்:மாஸ்டர்ஸ். இந்தக் குழுவுக்கு அனுமதிப் பட்டியலே பார்க்கப்படுவதில்லை. ஆர்பேக் எனும் அனுமதி விதிகளையெல்லாம் அழித்தாலும் அதில் இருப்பவர் தடையின்றி உள்ளே போவார். அதைவிடப் பெரிய தலைவலி, ஒரு சான்றிதழை இடையில் ரத்து செய்யக் குபர்நெட்டிஸில் வழி இல்லை. காலாவதி ஆகும்வரை அது செல்லும். எங்களுடையது ஓராண்டுக்கு எழுதப்பட்டது, அதாவது 2024 பிப்ரவரிவரை. முன்பே கொல்ல வேண்டுமானால் அதில் கையொப்பமிட்ட மூலச் சான்றிதழையே மாற்ற வேண்டும். ஒரு பூட்டுக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றி மாட்டுவது போன்ற வேலை அது. (குபிஅட்மின் 1.29 முதல் இதைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள். அட்மின்.கான்ஃப் இப்போது வேறொரு குழுவில் இருக்கிறது, அதன் அனுமதியை நீக்க முடியும். சர்வ வல்லமை படைத்த சான்றிதழ் தனிக் கோப்பாக வருகிறது. எங்களுக்கு அது தாமதமான ஆறுதல்.)

விபிஎன் மூடப்பட்டுவிட்டதால் விலகிய நண்பர் வெளியிலிருந்து கிளஸ்டரின் வாசலான ஏபிஐ சர்வரை எட்ட முடியாது. அந்த ஒற்றைச் சுவரை நம்பித்தான் பட்டியலில் குறி போட்டேன். மனசாட்சி உறுத்தியது.

எங்கள் மேலாளர் முதலில் சொன்ன யோசனை எளிமையானது. ஏபிஐ சர்வருக்கு ஒரு டோக்கன் கோப்பைக் கொடுக்கலாம்: வரிக்கு ஒரு டோக்கன், ஒரு பெயர், ஓர் அடையாள எண், வேண்டுமானால் குழுக்கள். "ஆளுக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது, ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெயர் பிரச்சினை அதோடு தீரும், உண்மைதான். ஆனால் அந்த டோக்கன்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒருவரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் ஏபிஐ சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். எல்லோருடைய ரகசியமும் சர்வரில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு கோப்புக்குப் போவதா என்று கேட்டேன். சரி, உன் பாடு என்று விட்டுவிட்டார்.

டோக்கன் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு தகர வில்லையைத் தருகிறார்கள். அதை யார் கொண்டுவந்தாலும் செருப்பு அவருக்கே. வில்லை தொலைந்தால் செருப்பும் தொலைந்தது. நிலையான டோக்கன் கோப்பு இந்த ரகம். வங்கியில் பேரர் செக் என்கிறோமே, எச்டிடிபி தலைப்பில் டோக்கனுக்கு முன்னால் எழுதும் பேரர் என்ற சொல்லும் அதேதான். இன்னொரு டோக்கன், பொங்கல் பரிசுக்காக ரேஷன் கடையிலிருந்து வீடு தேடிவந்து தருவது. அதில் எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை மணி என்றெல்லாம் இருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார், தாலுகா அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்க மாட்டார். எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது ரகம்.

அதற்குப் பெயர் ஜேடபிள்யூடி. 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்று தரப்படுத்தினார்கள். 'ஜாட்' என்று உச்சரிக்கும்படி அந்த ஆவணமே பரிந்துரைக்கிறது, நான் கேட்டவரை யாரும் கேட்பதில்லை. புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகள்: தலைப்பு, உள்ளடக்கம், கையொப்பம். பிள்ளையார் சுழி போட்டதுபோல எல்லா ஜேடபிள்யூடியும் இ, ஒய், ஜே என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். உள்ளே இருக்கும் ஜேசான் தரவின் திறப்பு அடைப்பும் மேற்கோள் குறியும் பேஸ்64 குறியாக்க வடிவத்தில் அப்படித்தான் மாறும். நடுத்துண்டை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றத்தான் முடியாது. மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. வழங்கியவர் யார், யாரைப் பற்றியது, யாரிடம் காட்டுவதற்காக, எப்போது காலாவதி என்பதெல்லாம் அந்த நடுத்துண்டில் இருக்கும்.

வழங்குபவராக எங்களிடம் ஏற்கெனவே கீக்ளோக் என்ற உள்நுழைவு மென்பொருள் இருந்தது. அலுவலகத்தின் உள் தளங்களுக்காக ஒரு தனி மெய்நிகர் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் கிளஸ்டருக்குள்ளேயே நகர்த்தக்கூடாது என்று ஒருவர் கேட்டார். கிளஸ்டர் படுத்தால் கீக்ளோக்கும் படுக்கும். கீக்ளோக் இல்லாமல் கிளஸ்டரைச் சரிசெய்ய உள்ளே நுழைய முடியாது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டுவதா என்றேன். வெளியிலேயே விட்டோம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். நான் முனையத்தில் ஒரு கட்டளை கொடுக்கிறேன். கியூப்லாகின் என்ற செருகுநிரல் என் கணினியில் செல்லுபடியாகும் டோக்கன் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் உலாவியைத் திறந்து கீக்ளோக்கின் வாசலில் நிறுத்துகிறது. கடவுச்சொல்லும் ஆறு இலக்கக் குறியீடும் கொடுத்ததும் கீக்ளோக் நான் யார் என்று சொல்லும் ஐடி டோக்கன் என்ற ஜேடபிள்யூடியைத் தருகிறது, அது ஏபிஐ சர்வருக்குப் போகிறது. ஏபிஐ சர்வர் கீக்ளோக்கின் பொதுச் சாவியை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும். கையொப்பம் சரியா, வழங்கியவர் நாம் ஏற்றவர்தானா, நமக்கென்று எழுதப்பட்டதா, காலம் கடந்துவிட்டதா என்று தன் இடத்திலேயே பார்த்து முடிக்கிறது. கடவுச்சொல் கிளஸ்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஏபிஐ சர்வர் பக்கம் எழுத வேண்டியது ஏழு வரிகள். அந்த ஏழு வரிக்கு எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.

முதல் சனிக்கிழமை முழுவதையும் விழுங்கியது என் முன்ஜாக்கிரதை. ஏபிஐ சர்வரின் அமைப்புக் கோப்பு மேனிஃபெஸ்ட்ஸ் என்ற அடைவில் இருக்கும். அதைத் தொட்டதும், கணினியில் பாட்களை ஓட்டும் கியூப்லெட் பழைய பாடை நிறுத்திப் புதியதை எழுப்பும். திருத்துவதற்கு முன் நகல் எடு என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறவன் நான். எடுத்தேன், அதே அடைவில். புள்ளியில் தொடங்காத எந்தக் கோப்பு அங்கே இருந்தாலும் கியூப்லெட் அதையும் பாட் வரையறையாகவே படிக்கும், பெயருக்குப் பின்னால் பேக் என்று ஒட்டியிருப்பதையெல்லாம் அது மதிக்காது. ஒரே பெயரில் இரண்டு வரையறைகள். நான் திருத்தியது ஒன்று, ஓடியது பழையது. ஐந்து மணி நேரம் கழித்து நகலை வீட்டு அடைவுக்கு நகர்த்தினேன், எல்லாம் சரியானது.

அடுத்து 401 என்ற பிழை. முனையத்தில் வந்த செய்தி, நீங்கள் உள்நுழைந்திருக்க வேண்டும் என்பது மட்டும். அப்போதுதான் உள்நுழைந்திருந்தேன். இந்தச் செய்தி வேண்டுமென்றே ஊமையாக இருக்கிறது. வெளியில் நிற்பவருக்கு ஏன் மறுத்தோம் என்று சொன்னால் திருடனுக்கும் சொன்னதாகும். உண்மைக் காரணம் ஏபிஐ சர்வரின் பதிவில் இருந்தது: மின்னஞ்சல் சரிபார்க்கப்படவில்லை. பயனர் பெயராக மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்திருந்தோம். டோக்கனில் 'மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டதா' என்ற புலம் இருந்து, அது இல்லை என்று சொன்னால், குபர்நெட்டிஸ் கதவைச் சாத்திவிடும். கீக்ளோக்கில் எங்கள் கணக்குகளை நிர்வாகியே கையால் உருவாக்கியிருந்தார், அந்தப் புலத்தை யாரும் தொட்டதில்லை. ஆளுக்கு ஒரு சொடுக்கில் தீர்ந்தது.

401 போய் 403 வந்ததும் மகிழ்ச்சியில் மேசையைத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் விநோதமாகப் பார்த்தார். 401 என்றால் நீ யாரென்று தெரியாது; 403 என்றால் உன்னைத் தெரியும், ஆனால் அனுமதி இல்லை. மறுப்புச் செய்தியில் முதன்முறையாக என் மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஏழு மாதமாக என்னைக் குபர்நெட்டிஸ்-அட்மின் என்று அழைத்துக்கொண்டிருந்த இயந்திரம் என்னைப் பெயர் சொல்லி மறுத்தது.

அனுமதி இல்லாததற்குக் காரணம் ஒரு சாய்கோடு. கீக்ளோக்கில் குழுக்களை டோக்கனில் சேர்க்கும்போது முழுப் பாதை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அப்படியே விட்டால் குழுவின் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆர்பேக்கில் நான் எழுதியிருந்த பெயரில் சாய்கோடு இல்லை. எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அது வேறு குழு, அவ்வளவுதான். இங்கே பலர் அலட்சியமாக விடும் இன்னொரு வரியையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் குழுப் பெயர்களுக்கு ஒரு முன்னொட்டு போட வேண்டும். நாங்கள் ஓஐடிசி (கீக்ளோக் ஐடி டோக்கன் தரும் நெறிமுறையின் பெயர்) என்று போட்டு முக்காற்புள்ளி வைத்தோம். போடாவிட்டால், கீக்ளோக்கில் குழு உருவாக்கும் உரிமை உள்ள எவரும் சிஸ்டம்:மாஸ்டர்ஸ் என்ற பெயரில் ஒரு குழுவை உருவாக்கித் தன்னைச் சேர்த்துக்கொண்டால் கிளஸ்டர் அவர் கையில். எதை விட்டாலும் இந்த வரியை விடாதீர்கள்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தோழி மதியத்துக்குள் வந்து நின்றார்.

"அண்ணா, மூன்று தடவை போட்டால் இரண்டு தடவைதான் திறக்கிறது."

"கடவுச்சொல் தவறாக இருக்கும் அம்மா."

"தவறாக இருந்தால் மூன்று தடவையும் திறக்கக்கூடாதே?"

வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னதுதான் துப்பு. எங்களிடம் ஏபிஐ சர்வர்கள் மூன்று, முன்னால் ஒரு சுமைப் பங்கீட்டாளர். மூன்றில் ஒன்று மறுக்கிறது. ஒவ்வொன்றின் பதிவையும் தனித்தனியாகத் திறந்தேன். மூன்றாவது சர்வரில் வரிக்கு வரி, டோக்கன் காலாவதியாகிவிட்டது. ஆனால் அந்த டோக்கன் பிறந்து பத்து நொடிகூட ஆகவில்லை. அதே டோக்கனை மற்ற இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. சாவியா? மூன்றிலும் ஒன்றே. அமைப்பா? வரிக்கு வரி ஒப்பிட்டேன், வேறுபாடு இல்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது. பிறகு தற்செயலாகப் பதிவின் இடது ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தச் சர்வர் ஏழு நிமிடம் எதிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

கீக்ளோக் தரும் டோக்கனின் ஆயுள் ஐந்து நிமிடம். ஏழு நிமிடம் முந்தி ஓடும் சர்வருக்கு ஒவ்வொரு டோக்கனும் பிறக்கும்போதே இறந்தது. நேரத்தைச் சீராக்கும் குரோனி சேவை அந்தக் கணினியில் மட்டும் எப்போதோ நின்றிருக்கிறது. ஓராண்டுச் சான்றிதழுக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டல்ல, அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொல்ல வேண்டும்: சக உறுப்பினருடன் கடிகார வித்தியாசம் அதிகம் என்று கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடி பல வாரமாகத் தன் பதிவில் புலம்பிக்கொண்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். தோழிக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தேன்.

முறுமுறுப்பும் வந்தது. கீக்ளோக்கில் அரை மணி நேரம் சும்மா இருந்தால் அமர்வு முடிந்துவிடும், சாப்பிட்டு வந்தால் மீண்டும் உலாவி திறக்கும். அந்த அவகாசத்தை மட்டும் நீட்டினேன். டோக்கனின் ஐந்து நிமிடத்தைத் தொடவில்லை. ஏபிஐ சர்வர் கீக்ளோக்கிடம் திரும்பக் கேட்பதில்லை என்பதால், ஒருவருடைய கணக்கை மூடினாலும் கையில் இருக்கும் டோக்கன் அதன் ஆயுள்வரை செல்லும். அந்த இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ஐந்து நிமிடம் எனக்குச் சம்மதம்.

மனிதர்கள் முடிந்து இயந்திரங்களிடம் வந்தபோது சோர்ந்துவிட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நிரல்களைத் தானாக நிறுவும் குழாய்த்தொடருக்கு ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கன் கொடுத்திருந்தோம், முடிவுத் தேதியில்லாத பழைய ரகம். 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்பிலிருந்து குபர்நெட்டிஸ் அப்படிப்பட்ட டோக்கன்களைத் தானாக உருவாக்குவதை நிறுத்திவிட்டது, ஆனால் கையால் உருவாக்க வழி இருக்கிறது. அந்த வழியில் போயிருந்தவனும் நானே. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறுகிய கால டோக்கன் ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம். குழாய்த்தொடரையே இன்னொரு வழங்குநராக ஏற்க வைக்கலாம் என்றால், பழைய முறையில் ஒரே ஒரு வழங்குநருக்குத்தான் இடம். பலரை ஏற்கும் புதிய அமைப்புக் கோப்பு 1.30 பதிப்பில் சோதனை நிலை தாண்டிப் பீட்டாவுக்கு வந்தது, 1.34 பதிப்பில் நிலைபெற்றது. அதைத் திருத்தினால் ஏபிஐ சர்வரை நிறுத்தித் தொடங்கவும் தேவையில்லை. மேனிஃபெஸ்ட்ஸ் அடைவில் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நவம்பரில் ஒருநாள் கீக்ளோக் பராமரிப்புக்காக நின்றது, சொன்ன நேரத்தில் திரும்பவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே. அவசரத்துக்கென்று ஒரே ஒரு அட்மின் சான்றிதழை மறையாக்கம் செய்து வைத்திருந்தோம். திறக்க இரண்டு பேர் வேண்டும், எடுத்தவர் பெயரும் காரணமும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். அன்று திறந்தோம். ஓடிக்கொண்டிருந்த சேவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே எட்டிப் பார்ப்பவர்களுக்குத்தான் கதவு அடைந்திருந்தது. டோக்கனால் என்ன லாபம் என்று கேட்ட மேலாளருக்கு அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கீக்ளோக்குக்கு இரண்டாவது கணினி கேட்டேன், ஜனவரியில் கிடைத்தது.

பழைய அட்மின்.கான்ஃப் நகல்கள் மட்டும் அப்படியே இருந்தன. எல்லோருடைய கணினியிலிருந்தும் நீக்கச் சொன்னோம், நீக்கினார்கள் என்று நம்பினோம். விலகிய நண்பரிடமும் சொல்லி அழிக்க வைத்தேன். இடையில் கிளஸ்டரை மேம்படுத்தியபோது குபிஅட்மின் எல்லாச் சான்றிதழ்களையும் புதுப்பித்தது. புதுப்பித்தால் பழையது சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, எழுதிய தேதிவரை அது செல்லும். மூலச் சான்றிதழை மாற்றத் துணிவில்லாமல் நாள்காட்டியில் குறித்து வைத்தேன்.

2024 பிப்ரவரியில் அந்த நாள் காலை, எனக்கென்று ஒளித்து வைத்திருந்த பழைய நகலை எடுத்தேன். ஆம், எல்லோரையும் அழிக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஒன்று வைத்திருந்தேன். நான் யார் என்று கேட்கும் ஒற்றை வரிக் கட்டளையைக் கொடுத்தேன். குபர்நெட்டிஸ்-அட்மின் என்று பதில் வந்தது. காலாவதி நேரத்தைச் சரிபார்த்தேன், இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் கொடுத்தேன். நீங்கள் உள்நுழைந்திருக்க வேண்டும் என்றது.

கோப்பை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.